ஸெய்னுதீனை ஆமோதித்தவன்

ஸெய்னுதீனுக்குக் கணக்கு ஓடாது. எஸ்.எஸ்.சி. சோதனையை இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவையும் கணக்கில் விழுந்தான். அவனுக்குப் பக்கத்து வாங்கில் இருந்து படித்த நான் முதல் தடவையிலேயே எல்லாப் பாடமும் சித்தியடைந்து, பேராதனைக்குப் போய், கிண்ணியாவில் எங்கள் குறிச்சியின் முதல் பட்டதாரியாகத் திரும்பி வந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனைப் பற்றிக் கதைக்கிறவர்கள் எல்லோரும் இதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

நான் பட்டத்தோடு ஊர் திரும்பியது அறுபத்தேழாம் ஆண்டு. அப்போது பாலம் இல்லை. பஸ், லொறி, மாடு, மனிதர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடும் பெரிய மிதவையைத்தான் நாங்கள் 'பாதை' என்போம். தகரப் பெட்டியும் கையுமாக அதில் ஏறி நின்றேன். பாதை கரையை நெருங்கும்போது துறையில் ஒரு கூட்டம் தெரிந்தது. ஒருவர் கையில் மாலை. உம்மா சொல்லி வைத்திருப்பா என்று நினைத்தேன். சட்டைக் கழுத்தை நேராக்கினேன். சீப்பை எடுத்து ஒரு தடவை தலையைச் சீவினேன்.

கூட்டம் என்னைத் தாண்டிப் போனது. பாதையின் பின்பக்கத்தில், ஒரு லொறிச் சில்லில் சாய்ந்துகொண்டு ஸெய்னுதீன் கச்சான் தின்றுகொண்டிருந்தான். மூன்று நாள் திருகோணமலையில் அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரியின் விறாந்தையில் குந்தியிருந்து, நோயாளிகளுக்காகப் பாதை இரவு ஒன்பது மணிவரை ஓட வேண்டும் என்று உத்தரவு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். மாலை அவன் கழுத்தில் விழுந்தது.

என்னைக் கண்டதும் அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"டேய், நம்மட பீஏ! எப்படா வந்த நீ?" என்று சொல்லி, தன் கழுத்து மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டான். "இவர்தான்டா நம்மட ஊர்ர முதல் பீஏ. கைய தட்டுங்கடா!"

தட்டினார்கள். அந்த மாலையை நான் அவனுக்கு இன்னும் மன்னிக்கவில்லை.

அவனுடைய வாப்பா முஹம்மது தம்பி காட்டில் விறகு வெட்டி விற்றவர். அவர் மௌத்தானபோது ஸெய்னுதீனுக்கு வயது பதினேழு. துறையடியில் ஒரு ஓலைக் கொட்டிலைப் போட்டு சைக்கிள் திருத்தத் தொடங்கினான். கொட்டிலின் முன்னால் ஒரு நீள வாங்கு. பாதைக்குக் காத்திருப்பவர்கள் எல்லோரும் அதில்தான் இருப்பார்கள். பாதை மறுகரைக்குப் போய்த் திரும்ப எப்படியும் அரை மணித்தியாலம் ஆகும். அரை மணித்தியாலம் சும்மா இருக்கும் மனிதர் தன் வீட்டுக் கஷ்டத்தைத்தான் சொல்வார். அரிசிக் கூப்பன் வெட்டுப்பட்டது, வாய்க்கால் தூர்ந்தது, டிஸ்பென்சரியில் மருந்தில்லாதது. டியூப்புக்கு ஒட்டுப் போட்டபடியே அவன் கேட்டுக்கொண்டிருப்பான். பத்து வருடம் இப்படிக் கேட்டால் ஒரு மனிதனுக்கு ஊர் மனப்பாடமாகிவிடும். அதில் என்ன திறமை இருக்கிறது என்று நான் கேட்பதுண்டு.

அவன் எழுதும் மனுக்களைப் பார்த்திருக்கிறேன். "ஐயா, இந்த மனிசிக்கு மூண்டு மாசமாக் கூப்பன் இல்ல. ஏன்?" அவ்வளவுதான். கீழே கிறீஸ் படிந்த பெருவிரலின் அடையாளம் வேறு. அதைத் தபாலில் போடமாட்டான். தானே கொண்டுபோய், அதிகாரி வாசிக்கும்வரை முன்னால் நிற்பான். நான் எழுதும் மனுவோ மூன்று பக்கம் வரும். பொருள், தொடர்பு இலக்கம், "தாழ்மையுடன் சமர்ப்பிப்பது யாதெனில்" எல்லாம் இருக்கும். அதற்கு "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது" என்று ஒரு அட்டை வரும். பட்டம் பெற்று நாலு வருடம் வேலையில்லாமல் இருந்த காலத்தில் அப்படிப்பட்ட அட்டைகளை ஒரு கட்டாகக் கட்டி வைத்திருந்தேன்.

எங்கள் ஒழுங்கையில் கிணறு உவர்த்துப் போயிருந்தது. உம்மா என்னிடம் சொல்ல, நான் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, புதுக் கிணற்றுக்குச் சீமெந்து வளையங்கள் ஏற்றிய லொறி ஒன்று வாசலில் வந்து நின்றது. என் கடிதம் வேலை செய்துவிட்டது என்று சந்தோசத்தோடு வெளியே வந்தேன். லொறியின் முன் ஆசனத்தில் ஸெய்னுதீன் இருந்தான்.

அவன் போன பிறகு கேட்டேன். "உம்மா, அவனுக்கிட்டயா போனீங்க? நான்தான் எழுதினேனே."

உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகை நிறுத்தவில்லை.

"நீ வடிவாத்தான் எழுதின மகன். அவன் போய்க் கேட்டான்."

எழுபதாம் ஆண்டுத் தேர்தல் வந்தது. ஒரு பின்னேரம் சைக்கிள் கொட்டிலில் கூடினோம். கட்சிகளை நம்பிக் களைத்துவிட்டோம், இந்தத் தடவை எங்களுக்குள் ஒருவரைச் சுயேச்சையாகப் போடுவோம் என்று கதை. சம்பூரிலிருந்து பாக்கியரத்தினம் வந்திருந்தார். அவர் வயல்காரர்; அவர்கள் ஊர் வாய்க்காலைத் துப்புரவாக்குவதற்கு ஸெய்னுதீன் அலைந்து திரிந்ததை மறவாத மனிதர். அண்ணன் முறை வைத்து நாங்கள் 'காக்கா' என்று கூப்பிடும் முத்தலிப்பும் இருந்தார். அவர் ஆறு தோணிக்குச் சொந்தக்காரர். துறையடியில் அவர் குரல் கேட்காத நாள் இல்லை.

கூட்டத்தில் யாரோ சொன்னார். "படிச்ச ஆள் ஒருத்தரப் போட்டா என்ன? பீஏ இரிக்காரே."

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்தேன். இரண்டு வினாடி இருக்கும். அந்த இரண்டு வினாடியில் பாராளுமன்றத்தில் என் கன்னிப்பேச்சின் முதல் வசனம்கூட அமைந்துவிட்டது.

முத்தலிப் காக்கா தொடையில் தட்டிச் சிரித்தார். "பீஏ எலக்சன் கேட்டா கூட்டத்துக்கு யார் வாற? அவர் கதைக்கிறது வெளங்குறதுக்கு இன்னொரு பீஏயக் கூட்டிவரணும்!"

கொட்டில் முழுதும் சிரித்தது. பாக்கியரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஸெய்னுதீனும் சிரித்தான். பிறகு என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான். அவன் நிறுத்தியதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

மூன்றாம் நாள் அவன் நியமனப் பத்திரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். "மச்சான், இத நீதான் நிரப்பணும். நான் எழுதினா கச்சேரியில சைக்கிள் பில் எண்டு நெனச்சிருவாங்க."

வேட்பாளரின் பெயரை, தொகுதியின் வாக்காளர் இருவர் எழுத்தில் முன்வைக்க வேண்டும். ஒருவர் பிரேரிப்பவர், மற்றவர் ஆமோதிப்பவர். இருவருடைய பெயரும் அந்தத் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்திரம் செல்லாது. பிரேரிப்பவர் பாக்கியரத்தினம், ஆமோதிப்பவர் முத்தலிப் காக்கா என்று தீர்மானித்து, இருவருடைய இலக்கங்களையும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தான்.

"இலக்கம் எங்க எடுத்த?"

"போன எலக்சன் இடாப்பு ஒண்டு ஊர் முன்னேற்றச் சங்கத்தில கிடந்திச்சு. அதுலதான்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். முத்தலிப் காக்கா நாலு வருடத்துக்கு முந்தித் திருகோணமலை டவுனில் கலியாணம் முடித்து, அங்கே மனைவி வீட்டில் இருக்கிறார். விடியற்காலை முதலாவது பாதையில் கிண்ணியாவுக்கு வருவார், பின்னேரம் போவார். தோணியும் இங்கே, தாயும் இங்கே, சண்டையும் இங்கே. அதனால் அவர் டவுன்காரர் என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றாது. அவருக்கே தோன்றாது. ஆனால் கிராம சேவகர் பெயர் பதிவது ஆள் படுக்கும் வீட்டில். அவருடைய வாக்கு இப்போது மூதூர்த் தொகுதியில் இல்லை, திருகோணமலைத் தொகுதியில். புதிய இடாப்பை நான் கச்சேரியில் பார்த்திருந்தேன். அவருடைய தாய் வீட்டு இலக்கத்தின் கீழே தாயும் தங்கையும் தங்கை புருசனும் மட்டும்தான்.

"என்ன மச்சான், சரிதானே?" என்றான் ஸெய்னுதீன்.

"சரி" என்றேன்.

என் அழகான கையெழுத்தில் முத்தலிப் காக்காவின் பெயரையும் பழைய இலக்கத்தையும் எழுதினேன். இதில் என் பிழை என்ன? இலக்கம் தந்தது அவன். ஆளைத் தெரிவு செய்தது அவன். பத்திரம் தள்ளப்பட்டால், படிக்காதவன் எலக்சன் கேட்டால் இப்படித்தான் என்று ஊர் சொல்லும். அன்று பகல் நன்றாகச் சாப்பிட்டேன்.

நியமன நாள் வந்தது. பத்து மணிமுதல் பன்னிரண்டு மணிவரை கச்சேரியில் பத்திரம் ஏற்பார்கள். காலைப் பாதையில் நாற்பது பேர் ஏறினோம். முத்தலிப் காக்கா விடியவே வந்து, எங்களோடு திரும்பவும் டவுனுக்கு வந்தார். தன் வாக்கு இருக்கும் ஊருக்கே, கிண்ணியாக்காரராக.

பாதை நடுவில் போகும்போது, போட்டிக் கட்சி ஆள் ஒருவர் ஸெய்னுதீனைப் பார்த்துக் கேட்டார். "என்ன ஸெய்னுதீன், கடதாசி எல்லாம் ஒழுங்கா இரிக்கா? பஞ்சர் கிஞ்சர் ஆகாதே?"

ஸெய்னுதீன் ஒரு மீன் பெட்டியின் மேல் ஏறினான். என் தோளில் கையை வைத்தான். "காக்கா, இந்தக் கடதாசிய நான் எழுதல்ல. நம்மட பீஏ எழுதினது. இதுல ஒரு பிழை கண்டுபுடிச்சா, நான் சைக்கிள் கடைய மூடிட்டு உங்கட கட்சிக்கு நோட்டீஸ் ஒட்ட வாறன். என்ன சொல்றீங்க?"

"பீஏ எழுதினதா? அப்ப சரிதான்" என்றார் அவர். அருகில் நின்ற பெண்கள்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் தண்ணீரைப் பார்த்தேன். அதுவரை அது ஸெய்னுதீனுடைய பத்திரம். அந்த நிமிடத்திலிருந்து என்னுடைய பத்திரம் ஆகிவிட்டது. அது தள்ளுப்பட்டால் நாற்பது பேரும் திரும்பி வரும்போது யாரைப் பார்ப்பார்கள்? "பேராதனையில இதுதான் படிச்சுக் குடுத்தாங்களா?" என்று முத்தலிப் காக்கா தொடையில் தட்டுவது இப்போதே கேட்டது. உம்மா கேள்விப்படுவா. பிழை அவனுடையதாக இருந்தபோது இனித்தது. என்னுடையதானதும் கசந்தது.

நல்ல மனத்தால் வாய் திறந்தேன் என்று யாரும் எண்ண வேண்டாம். பட்டத்தைக் காப்பாற்றத்தான் திறந்தேன். அதுவும் உடனே அல்ல. துறையிலிருந்து பஸ்ஸில் டவுனுக்கு வந்து, கச்சேரி வாசலில் வரிசையில் நின்று, எங்கள் முறை நெருங்கிய பதினொன்றரைக்குத்தான் கேட்டேன்.

"ஸெய்னுதீன், முத்தலிப் காக்காட வாக்கு எங்க?"

"எங்க எண்டா? கிண்ணியாவில."

"அவர் படுக்கிறது எங்க?"

அவன் மெதுவாக முத்தலிப் காக்காவின் பக்கம் திரும்பினான். விசயம் விளங்கியதும் முத்தலிப் காக்கா கொதித்தார்.

"என்ன கதை இது? நான் கிண்ணியாக்காரன் இல்லையா? என்ட தொப்புள்கொடி அங்கதான்டா கிடக்கு!"

"நீங்க கிண்ணியாதான் காக்கா" என்றார் பாக்கியரத்தினம். "வாக்குத்தான் உங்கட மனிசியோட இருக்குது."

"அவள்ட ஊட்ட நான் சும்மா படுக்க மட்டும்தானே போற!"

"இடாப்புக்காரனுக்கு அது போதும் காக்கா" என்று யாரோ சொல்ல, அந்த அவதியிலும் சிரிப்பு எழுந்தது.

பன்னிரண்டுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம். கச்சேரியில் புதிய படிவம் ஒன்று வாங்கினேன். புதிய இடாப்பு உள்ளே மேசையில் இருந்தது. அதைச் சுற்றிக் கட்சிக்காரர்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். எங்களோடு வந்தவர்களில் ஒருவருக்கும் தன் இலக்கம் தெரியாது. பாக்கியரத்தினம் மட்டும் ஒழுங்கான மனிதர். தன் புதிய இலக்கத்தைச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். வேறொருவருடைய புதிய இலக்கமும் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அது என்னுடையது. நான் கச்சேரியில் அந்த இடாப்பைப் பார்க்கப் போனதே, என் பெயருக்குப் பின்னால் பீ.ஏ. என்று போட்டிருக்கிறார்களா என்று அறியத்தான். போட்டிருக்கவில்லை.

"நீயே போடு மச்சான்" என்றான் ஸெய்னுதீன்.

நான் இன்னும் கலியாணம் முடிக்காதவன். என் வாக்கு உம்மாவின் வீட்டில் பத்திரமாக இருந்தது. தப்ப வழியில்லை. மூதூர்த் தொகுதியின் அங்கத்தவராக ஸெய்னுதீனை ஆமோதிக்கிறேன் என்று என் கையாலேயே எழுதி, அதன் கீழ் கையெழுத்து வைத்தேன். பேனை இரண்டு தடவை காகிதத்தைக் கீறியது. பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது தெரிவத்தாட்சி அலுவலர் அதை ஏற்றுக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவன் என்னைத் தனியே இழுத்துக் கேட்டான். "உனக்கு எப்ப தெரியும் மச்சான்?"

"இப்பதான். வாசல்ல நிக்கக்குள்ள நெனவு வந்திச்சு."

"நல்ல காலம்" என்றான். நம்பினானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்டதே இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஐந்து வாரமும் எல்லா மேடையிலும் நானும் ஏற வேண்டியதாயிற்று. "இவர்தான் என்னை ஆமோதிச்ச பீஏ" என்று என்னைக் காட்டிவிட்டுத்தான் அவன் பேச்சைத் தொடங்குவான். சைக்கிள் சின்னம் கேட்டான். அது ஒரு கட்சியிடம் இருந்தது. மூக்குக்கண்ணாடி கிடைத்தது. அன்று மூதூர் இரட்டை அங்கத்தவர் தொகுதி, ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்கு. அதை வைத்து அவன் ஒரு பேச்சு வைத்திருந்தான்.

"உம்மாமார், ராத்தாமார், அண்ணன்மாரே! உங்கட ஒரு வாக்க உங்களுக்கு விருப்பமான பெரிய மனிசருக்குப் போடுங்க. அதுல நான் கை வெக்கல்ல. மத்த வாக்க என்ன செய்யப் போறீங்க? கொண்டுபோய் அலுமாரியில வெக்கவா? அத எனக்குத் தாங்க!"

மூதூரிலும் சம்பூரிலும் இதற்குச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் ஒவ்வொரு மேடையிலும் இருபது நிமிடம் பேசினேன். சனநாயகத்தின் தோற்றம் பற்றி. நான் எழுந்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் தண்ணீர் குடிக்கப் போவார்கள்.

தோற்றான். நாலாவதாக வந்தான். வானொலியில் முடிவைக் கேட்டபோது எனக்குள்ளே ஏதோ ஒன்று காலை நீட்டிப் படுத்தது. வருத்தப்பட்ட முகத்தோடு துறையடிக்குப் போனேன். அந்தக் கொட்டிலில் ஆளில்லாமல் அவன் தனியே இருப்பான், இரண்டு ஆறுதல் வார்த்தை சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். வாங்கு நிறைந்திருந்தது. ஒரு மனிசி கூப்பன் புத்தகத்தை நீட்டிக்கொண்டு நின்றா. அவன் நிமிராமலே சொன்னான்: "இரிங்க ராத்தா, இந்த டியூப்ப முடிச்சிட்டு வாறன். மச்சான், அந்த மனுவ ஒருக்கா எழுதித் தா."

எழுதிக் கொடுத்தேன். இரண்டு வரியில்.

அடுத்த வருடம் எனக்கு ஆசிரியர் நியமனம் வந்தது. எழுபத்து மூன்றில் டவுனில் றஹ்மாவைக் கலியாணம் முடித்தேன். எங்கள் வழக்கப்படி அவளுடைய வீட்டுக்கே போனேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பாதையேறி உம்மாவைப் பார்க்க வருவேன்.

எழுபத்தேழாம் ஆண்டு, அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வந்தபோது உம்மாவின் வீட்டில் ஸெய்னுதீன் கதிரையில் இருந்தான். மேசையில் நியமனப் பத்திரமும் புதிய இடாப்பும். இந்தத் தடவை மூதூருக்கு ஒரே ஆசனம். மற்ற வாக்கு என்ற பேச்சுக்கு இடமில்லை. இருந்தும் கேட்கப் போகிறானாம். பக்கத்தில் தையல்கார ரபீக்கா ராத்தா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு இருந்தா.

"நான் கையெழுத்து வெக்க ஏலா" என்று முந்திக்கொண்டு சொன்னேன். "அரசாங்க உத்தியோகம். வாக்கும் இப்ப டவுனில."

"தெரியும் மச்சான். உன்னக் கேக்கல்ல" என்று சிரித்தான். "இந்தத் தடவ ஆம்பிளயளே வேணாம் எண்டு முடிவெடுத்திட்டன். இண்டைக்கு இங்க இரிப்பான், நாளைக்குப் பொஞ்சாதி ஊட்ட போயிருவான். பொம்பிளயள் பொறந்த ஊட்டிலயே இரிக்காங்க. அவங்கட பேர் இடாப்புல அசையாது. நீ இலக்கத்த மட்டும் பாத்து எழுதித் தா."

பத்திரத்தை இழுத்துப் பார்த்தேன். ஆமோதிப்பவர் ரபீக்கா. நான் இருந்த இடத்தில் ரபீக்கா ராத்தா! ஏழு வருடம் எனக்குப் பாரமாக இருந்த அந்த இடம் பறிபோனதும் நெஞ்சு ஏன் எரிந்தது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. அதற்கு மேல் வரியில், பிரேரிப்பவர்: உம்மு குல்சும். அது என் உம்மாவின் பெயர்.

"உம்மாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாதே" என்றேன்.

"பழகிட்டா" என்றான். "சங்கத்துப் பின்னேர வகுப்புல ஆறு மாசம்."

உம்மா மேசையடிக்கு வந்தா. பேனையை முழு விரல்களாலும் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக வைத்தா. 'ல்' மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"எனக்காக நீங்க ஒண்டிலயும் கையெழுத்து வெச்சதில்லையே உம்மா" என்றேன். பகிடியாகச் சொல்லத்தான் நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை.

உம்மா பேனையை மூடி ஸெய்னுதீனிடம் கொடுத்தா.

"நீ ஒண்டும் கேக்கல்லயே மகன்" என்றா. பிறகு பத்திரத்தை என் பக்கம் தள்ளினா. "என்ட இலக்கத்தப் பிழையில்லாம எழுது. இது தள்ளுப்படக் கூடாது."

புதிய இடாப்பைத் திறந்தேன். உம்மாவின் பெயரில் விரலை வைத்து, இலக்கத்தை இரண்டு தடவை சரிபார்த்து எழுதினேன்.